நாலு பேர் சொல்லும் நல்ல வார்த்தை



பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பூவின் மணமே ஆளைக் கடைக்கு அழைத்து வந்துவிடும் என்பது அதன் கருத்து. தோட்டத்து வாழ்க்கைக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தியது. சட்டையை அளவு தவறாமல் தைப்பவர் யார், ஒழுகும் தகரத்தைச் சரியாக அடைப்பவர் யார், மோட்டார் சைக்கிளை நியாயமான கூலிக்குப் பழுது பார்ப்பவர் யார் என்பது லயத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். குழாயடியிலும், கோயில் திருவிழாவிலும், சம்பள நாளில் கடைக்குப் போகும் வழியிலும் அந்தப் பேச்சு தானாகவே பரவிவிடும். வேலை தெரிந்தவர் தம்மைப் பற்றித் தாமே பேச வேண்டிய தேவை அங்கே இருந்ததில்லை.

இப்போது அந்த லயங்கள் பல இடங்களில் இல்லை. 1995-ஆம் ஆண்டில் புத்ராஜெயா நகரைக் கட்டத் தொடங்கினார்களே, அந்த நிலம் முன்பு பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. அதைப் போலவே எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் மின்கம்பி வேலை, குழாய் வேலை, குளிர்சாதனம் பழுது பார்க்கும் வேலை, வெல்டிங் வேலை என்று ஏதாவது ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்க முயல்கிறார்கள். பெண்கள் தையல், முறுக்கு வியாபாரம், விருந்துச் சமையல் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள்.

இவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. கருவிகள் இருக்கின்றன, உழைக்க உடம்பும் இருக்கிறது. ஆனால் தாமானில் இருப்பவர்களுக்கு இவர்களைத் தெரியாது. முன்பின் தெரியாத ஓர் இளைஞனை வீட்டுக்குள் விடுவதா, கூலியை ஏற்றிச் சொல்வானோ, வேலையைப் பாதியில் விட்டுப் போவானோ என்று அவர்கள் யோசிக்கிறார்கள். அப்படி யோசிப்பது குற்றமும் அல்ல. நாமாக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்போம்.

இந்தத் தயக்கத்தைப் போக்குவது மற்றவர்களுடைய வார்த்தை. அந்த வார்த்தை இன்று குழாயடியில் அல்ல, கைபேசியில் இருக்கிறது. வேலை செய்துகொண்டவர்கள் இணையத்தில் எழுதி வைக்கும் கருத்தை ஆங்கிலத்தில் 'ரிவியூ' என்பார்கள். நாம் அதைக் கருத்துரை என்று சொல்லலாம். சிறு தொழில் செய்யும் நம் பிள்ளைகள் இந்தக் கருத்துரைகளை நேர்மையான வழியில் எப்படிப் பெருக்கிக்கொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கருத்துரை எங்கிருந்து வந்தது?

இணையத்தில் வியாபாரம் தொடங்கிய காலத்திலேயே இந்தச் சிக்கலும் தொடங்கிவிட்டது. 1995-இல் அமெரிக்காவில் 'ஈபே' என்ற இணையச் சந்தை தோன்றியது. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாமல் போனால் என்ன செய்வது? ஆகவே 1996-இல் அங்கே ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு வியாபாரம் முடிந்த பிறகும் எதிராளி எப்படி நடந்துகொண்டார் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதலாம் என்றார்கள். நல்ல பேர் வாங்கியவரிடம் மற்றவர்களும் துணிந்து வாங்கினார்கள். அந்த வழக்கம்தான் இன்று உணவுக்கடை, மருந்தகம், முடிதிருத்தும் நிலையம், மின்கம்பி வேலைக்காரர் வரை எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதனால் உண்மையில் வருமானம் கூடுகிறதா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா என்ற ஆய்வாளர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சியாட்டில் நகரத்து உணவகங்களை அவர் ஆராய்ந்தார். 'யெல்ப்' என்ற கருத்துரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் நூற்றுக்கு 5 முதல் 9 வரை கூடியது என்று கண்டார். அதைவிட நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. இந்தப் பலன் தனியார் நடத்தும் சிறிய உணவகங்களுக்கே கிடைத்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பெரிய நிறுவனத்தின் பெயர் எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும். பெயர் தெரியாத சிறியவருக்குத்தான் நாலு பேரின் சாட்சி தேவைப்படுகிறது.

முதலில் பெயர்ப் பலகை

நாம் 'ஏர்கோன்' என்று சொல்கிறோமே, அந்தக் குளிர்சாதனத்தைக் கழுவிப் பழுது பார்க்கும் ஒரு தம்பியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் வீடு வீடாகச் சென்று வேலை செய்கிறார். அவருக்குக் கடை இல்லை.

கருத்துரை எழுதுவதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் அருகில் உள்ள தொழிலாளரைத் தேடுவது கூகளிலும் கூகள் வரைபடத்திலும்தான். அங்கே தொழிலின் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குக் 'கூகள் மை பிசினஸ்' என்று முன்பு பெயர் இருந்தது. 2021 முதல் 'கூகள் பிசினஸ் புரொஃபைல்' என்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரை முதலிடத்தில் போட்டுத் தருகிறோம், இத்தனை வெள்ளி கட்டுங்கள் என்று கூகளின் பெயரைச் சொல்லி யாராவது தொலைபேசியில் அழைத்தால் நம்ப வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு வரிசையில் முன்னே போடுவதில்லை என்று அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பதிவு செய்யும்போது சில விவரங்களில் கவனம் தேவை. தொழிற்பெயரைச் சட்டப்படி பதிந்தபடியே எழுத வேண்டும். தொழிலை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்துவிடுவது நல்லது. தனிநபர் தொழிலுக்கு அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரானால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு தொழிற்பெயரானால் 60 வெள்ளி. மின்கம்பி வேலை செய்பவர்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றும் வேண்டும். நாலு பேர் புகழ்ந்தாலும் சான்று இல்லாதவர் கையில் மின்சார வேலையைக் கொடுக்கக்கூடாது.

கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை வெளியே காட்ட வேண்டியதில்லை. எந்தெந்த ஊர்களுக்குச் சென்று வேலை செய்கிறோம் என்று மட்டும் குறித்தால் போதும். தொலைபேசி எண், வேலை நேரம், செய்த வேலையின் சில படங்கள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இன்னொன்று. கைபேசி தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அவன் கணக்கிலேயே பதிவு செய்துவிடுகிறவர்கள் உண்டு. நாளைக்கு அவன் வெளியூர் போய்விட்டால் பெயர்ப் பலகையும் அவனோடு போய்விடும். உரிமையாளர் கணக்கு தொழில் செய்பவர் பெயரிலேயே இருக்கட்டும். உதவி செய்பவரை நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அங்கே வழி இருக்கிறது.

எண்ணிக்கை ஏன் வேண்டும்?

பள்ளிக்கூடத்துச் சராசரிக் கணக்கை இங்கே சற்று நினைத்துப் பாருங்கள். நம் தம்பிக்கு ஐந்து பேர் கருத்துரை எழுதியிருக்கிறார்கள். நால்வர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒருவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார். மொத்தம் 21. ஐந்தால் வகுத்தால் 4.2. இப்போது நாற்பது பேர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 39 பேர் ஐந்து நட்சத்திரம், ஒருவர் ஒரு நட்சத்திரம். மொத்தம் 196. நாற்பதால் வகுத்தால் 4.9. கோபக்காரர் ஒருவர்தான், அவர் கொடுத்ததும் ஒன்றுதான். ஆனால் முதல் கணக்கில் அவர் தொழிலையே அசைத்துவிட்டார். இரண்டாவது கணக்கில் அவர் பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டார்.

எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் என்றாவது ஒரு நாள் மழை பெய்யும், மோட்டார் சைக்கிள் பழுதாகும், நேரம் தவறும். அந்த நாளில் நம்மைக் காப்பாற்றுவது முன்பே சேர்த்து வைத்த நல்ல பேர்தான். சேமிப்புப் புத்தகத்தில் மாதந்தோறும் போடுவது போல இதையும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு இருவர் எழுதினாலே ஓர் ஆண்டில் நூறு கருத்துரைகள் சேர்ந்துவிடும்.

எண்ணிக்கைக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒருவர் தேடும்போது யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகள் மூன்றைப் பார்க்கிறது. தேடுவதற்கு ஏற்ற தொழில்தானா, எவ்வளவு அருகில் இருக்கிறது, எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பவை அவை. அறியப்பட்டதா என்று பார்க்கும்போது கருத்துரைகளின் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் கணக்கில் சேர்கின்றன.

நல்ல வேலையைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. அது நல்ல வேலை. அந்த வேலை வாடிக்கையாளருக்குப் புரியவும் வேண்டும்.

குளிர்சாதனத் தொழிலில் மக்களுக்குப் பெரிய சந்தேகம் வாயுவைப் பற்றியது. அறை குளிரவில்லை என்றதும் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உண்மை என்ன? அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அடுப்பு வாயுவைப் போல எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. எங்காவது கசிவு இருந்தால்தான் குறையும். பல வீடுகளில் குளிர் குறைவதற்குக் காரணம் வடிகட்டியிலும் சுருள் குழாயிலும் படிந்த தூசிதான். தண்ணீர் சொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துக்கொண்ட வடிகுழாய்.

நம் தம்பி என்ன செய்ய வேண்டும்? கழற்றிய வடிகட்டியைக் கழுவும் முன் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். அழுத்தமானியை மாட்டி முள் எங்கே நிற்கிறது என்று காட்டி, "அக்கா, கேஸ் சரியாக இருக்கிறது, போட வேண்டியதில்லை" என்று சொல்ல வேண்டும். கூலி எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். சிந்திய அழுக்குத் தண்ணீரைத் துடைத்துவிட்டு வர வேண்டும். இவற்றில் எதற்கும் அதிகச் செலவில்லை. ஆனால் அந்த அக்கா எழுதும்போது, "கேஸ் போட வேண்டாம் என்று அவரே சொன்னார், தரையைத் துடைத்துவிட்டுப் போனார்" என்று எழுதுவார். அந்த ஒரு வரியைப் படிப்பவருக்கு உடனே நம்பிக்கை வரும். 'சூப்பர்', 'நன்று' என்று வெறுமனே எழுதிய பத்து வரிகளுக்கு அந்த வலிமை இல்லை.

கேட்க வெட்கப்படலாமா?

நம் மக்களிடம் ஒரு கூச்சம் உண்டு. 'என்னைப் பற்றி நல்லதாக எழுதுங்கள் என்று நானே கேட்பதா? அது கௌரவக் குறைச்சல் அல்லவா?' என்று நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்பதில்தான் குறைச்சல் இருக்கிறது. நடந்ததை எழுதுங்கள் என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. மனநிறைவு அடைந்தவர் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மனக்குறை உள்ளவர்தான் கேட்காமலேயே எழுதுவார். ஆகவே, கேட்காமல் இருப்பவருக்குக் குறைகள் மட்டுமே வந்து சேரும்.

எப்போது கேட்பது? வேலை முடிந்து, கருவியை ஓட்டிக் காட்டி, குளிர்ந்த காற்று வந்ததும் கேட்க வேண்டும். கூலியைப் பேசும்போது கேட்கக்கூடாது. "ஐயா, வேலை எப்படி இருந்தது என்று கூகளில் இரண்டு வரி எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். இன்று மாலை வழியை அனுப்பி வைக்கிறேன்" என்று வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கருத்துரை எழுதும் பக்கத்துக்கு நேரே கொண்டு செல்லும் இணைப்பை அந்தத் தொழிற்பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அக்கா. இன்று உங்கள் வீட்டில் இரண்டு ஏர்கோன் கழுவிக் கொடுத்தேன். எந்த வேலை செய்தேன், எப்படி இருந்தது என்று உங்கள் மனத்தில் பட்டதை எழுதுங்கள். குறை ஏதும் இருந்தால் என்னை அழைக்கலாம், வந்து பார்க்கிறேன். நன்றி."

இதே செய்தியை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் வாடிக்கையாளர்கள் மூவினத்தாரும்தான். அவரவர் மொழியிலேயே எழுதட்டும். படிப்பவர் தம் மொழியில் மாற்றிப் படிக்கக் கைபேசியிலேயே வசதி உண்டு.

கடைகளில் பணம் செலுத்தும்போது கைபேசியைக் காட்டிப் படம் பிடிக்கிறோமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போன்ற ஒன்றையும் அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். அதை ஒரு சிறிய அட்டையில் அச்சடித்து ரசீதோடு கொடுக்கலாம். முறுக்குப் பொட்டலத்திலும் ஒட்டலாம். எழுதுபவருக்குக் கூகள் கணக்கு வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் அது ஏற்கனவே இருக்கும்.

எழுதவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு செய்யக்கூடாது.

இந்த வேலையில் வீட்டில் உள்ளவர்களின் பங்கு பெரியது. வெயிலில் சுற்றி வேலை செய்து களைத்து வருபவருக்கு மாலையில் செய்தி அனுப்ப மனம் வராது. மனைவியோ தங்கையோ மேற்பள்ளி படிக்கும் மகளோ ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். தேதி, பெயர், செய்த வேலை, செய்தி அனுப்பியாயிற்றா, பதில் எழுதியாயிற்றா என்று ஐந்து கட்டம் போட்டால் போதும்.

குறுக்கு வழி வேண்டாம்

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறேன். நூறு கருத்துரை சேர்க்க ஓராண்டு ஆகும் என்றதும் சிலருக்குப் பொறுமை இருக்காது. பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஐம்பது கருத்துரை எழுதித் தருகிறோம் என்று இணையத்தில் சிலர் கூவி விற்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து எழுதச் சொல்பவர்களும் உண்டு. எழுதினால் ஐந்து வெள்ளி தள்ளுபடி என்று அறிவிப்பவர்களும் உண்டு. வேறு சிலர் கெட்டிக்காரத்தனமாக, சிரித்த முகத்தோடு பணம் கொடுத்தவரிடம் மட்டும் கேட்பார்கள். முகம் சுளித்தவரை விட்டுவிடுவார்கள்.

இந்த நான்கும் கூகளின் விதிகளுக்கு முரணானவை. வேலை செய்துகொள்ளாதவர் எழுதக்கூடாது. எழுதுவதற்குப் பணமோ பொருளோ தள்ளுபடியோ கொடுக்கக்கூடாது. நல்லதாக எழுதுபவரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கக்கூடாது. கண்டுபிடித்தால் அந்தக் கருத்துரைகளை நீக்குவார்கள். சில காலம் புதிய கருத்துரை எதுவும் வராமல் தடுத்துவிடுவார்கள். போலிக் கருத்துரைகள் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பை அந்தத் தொழிலின் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி போடவும் செய்வார்கள். ஏமாற்றியவர் என்று பெயர்ப் பலகையிலேயே எழுதி மாட்டியது போல ஆகிவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளையோ சேவையையோ பற்றிப் பொய்யாகவும் திசைதிருப்பும் வகையிலும் கூறுவதைத் தடை செய்கிறது.

விதியும் சட்டமும் ஒருபுறம் இருக்கட்டும். பொய்க் கருத்துரையைப் படித்து நம்பி வருபவர் யார்? ஒரு வயதான அம்மாவாக இருக்கலாம். பிள்ளை குட்டிகளோடு தனியாக இருக்கும் ஒரு தாயாக இருக்கலாம். முன்பின் தெரியாதவனை அந்த ஐம்பது பேரின் சொல்லை நம்பித்தான் வீட்டுக்குள் விடுகிறார்கள். அந்த ஐம்பது பேரும் இல்லாத ஆட்கள் என்றால், அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். அதோடு, கற்றுக்கொள்ளும் காலத்தில் உள்ள ஒருவருக்குப் போலிப் புகழ் நிறைய வேலையைக் கொண்டுவந்து கொட்டும். கைக்கு மிஞ்சிய வேலையை அவர் அரைகுறையாகச் செய்வார். பின்னர் வரும் உண்மையான குறைகள் எல்லாவற்றையும் மூடிவிடும்.

குறை எழுதினால் என்ன செய்வது?

ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, "இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மறுநாளே மீண்டும் தண்ணீர் சொட்டியது" என்று எழுதிவிட்டார். உடனே சூடாகப் பதில் எழுதக்கூடாது. முதலில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் தொலைபேசியில் பேச வேண்டும். பிறகு எல்லாரும் பார்க்கும்படி அங்கேயே பதில் எழுத வேண்டும்:

"வணக்கம் ஐயா. சொன்ன நேரத்துக்கு வராதது என் தவறு, மன்னிக்க வேண்டும். வடிகுழாயைப் பார்க்க நாளைக் காலை வருகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை."

இவ்வளவு போதும். அவருடைய வீட்டு முகவரியையோ சொந்த விவகாரங்களையோ பதிலில் எழுதக்கூடாது. இந்தப் பதிலைப் படிக்கப்போவது அந்த ஒருவர் மட்டும் அல்ல. இனி வரப்போகும் எல்லாருமே படிப்பார்கள். தவறு நேர்ந்தபோது இவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். வேலையைச் சரி செய்து கொடுத்த பிறகு, "ஐயா, இப்போதைய நிலையையும் சேர்த்து எழுத விரும்பினால் எழுதுங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். எழுதியவர் தம் கருத்துரையைத் திருத்த முடியும். கட்டாயப்படுத்தக்கூடாது.

நமக்குப் பிடிக்காத கருத்துரையை நாமே அழிக்க முடியாது. நம்மிடம் வேலையே செய்துகொள்ளாதவர் எழுதியிருந்தாலோ, இனத்தையோ சமயத்தையோ இழித்து எழுதியிருந்தாலோ கூகளிடம் புகார் செய்யலாம். விதியை மீறியிருந்தால் நீக்குவார்கள். மனம் புண்பட்டது என்பதற்காக மட்டும் நீக்கமாட்டார்கள்.

நல்லதாக எழுதியவர்களுக்கும் ஒரு வரி நன்றி எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து வாழ்த்தியவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்போமா?

எழுதுவது நம் கடமையும் ஆகும்

இதுவரை தொழில் செய்பவர்களுக்குச் சொன்னேன். இனி வேலை செய்துகொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமும் வாடிக்கையாளர்கள்தானே? நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூடாரம் போட்டவர், பிள்ளைக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்த அக்கா, நள்ளிரவில் வந்து மின்சாரத்தைச் சரி செய்த தம்பி ஆகியோரை வாய் நிறைய வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்து வாசற்படியோடு நின்றுவிடுகிறது. பட்டணத்தில் இருப்பவர் காதில் விழுவதில்லை. ஐந்து நிமிடம் ஒதுக்கி இரண்டு வரி எழுதினால் அடுத்த மாதம் அவருக்குப் புதிய வேலை கிடைக்கலாம்.

எழுதும்போது என்ன வேலை, எந்த ஊரில், எப்போது வந்தார், சொன்ன கூலிக்கே செய்தாரா என்று எழுதுங்கள். நம்மவர் என்பதற்காக இல்லாததைச் சேர்க்க வேண்டாம். குறை இருந்தால் முதலில் அவரிடமே சொல்லுங்கள். சரி செய்யவில்லை என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வசைச் சொல் வேண்டாம். பணம் வாங்கி ஏமாற்றியவர் மீது மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிக்கிறது. மனு கொடுக்கக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே.

மற்றவர் எழுதியதைப் படித்து ஆளை அழைக்கும்போதும் கவனம் வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எல்லாக் கருத்துரைகளும் ஒரே வாரத்தில் வந்திருந்தால், ஒரே மாதிரியான வார்த்தைகளில் இருந்தால், என்ன வேலை என்ற விவரமே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். குறை எழுதியவருக்கு அவர் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். ஆளைப் பற்றி அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அன்பு நேயர்களே, உங்கள் வீட்டில் சொந்தத் தொழில் செய்பவர் யாராவது இருந்தால் இந்த வாரமே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். தொழிலை அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தொடங்குங்கள். கடைசியாக வேலை செய்து கொடுத்த ஐந்து வீட்டாருக்கு, மகிழ்ந்தவர், குறைப்பட்டவர் என்று பாகுபாடு பார்க்காமல், செய்தி அனுப்புங்கள். தோட்டத்தில் நம் தாய் தந்தையர் உழைத்துச் சேர்த்த நற்பெயர் அந்த லயத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு நல்ல வேலைக்கும் ஒரு சாட்சி எழுத்தில் இருக்கட்டும்.